இருபத்தாறு பொட்டு

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை தூக்கம். நகை, சேலை, சொந்த வீடு என்று மற்றப் பெண்கள் எதையெதையோ சொல்வார்கள். என்னைக் கேட்டிருந்தால், யாரும் எழுப்பாமல் எட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவுக்கு வெளியே, லகாட் போகிற வழியில், ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் வரிசை வீட்டு லயத்தில் குடியிருந்தோம். தோட்டம் என்பது பெயரில்தான். கித்தா மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு நிலத்தை விற்றுவிட்டார்கள். அங்கே வீடு கட்டும் வேலை ஆரம்பிக்கும்வரை லயத்தில் இருந்துகொள்ளலாம் என்றார்கள். கிளம்ப முடிந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். இருபது கதவுகள் உள்ள எங்கள் லயத்தில் ஏழு கதவுகள்தான் காலையில் திறக்கும். பால் வெட்டும் கத்தியைப் பரணில் போட்டுவிட்டு நாங்களும் வேறு வேலை தேடிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் பழைய ஈயச் சுரங்கங்களில் கிடக்கும் மணலை ஏற்றிப் போகிற லாரி ஓட்டினார். நான் ஈப்போவில் ஓர் எலெக்ட்ரானிக் பாக்டரியில் சேர்ந்தேன். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை என் ஷிப்ட்.

இரவு வேலைதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். பகலில் பிள்ளையை விட்டுப் போக இடம் இல்லை. தோட்டம் தோட்டமாக இருந்தபோது ஆயாக்கொட்டகை இருந்தது. தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நானும் அதில் வளர்ந்தவள்தான். முப்பது பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழே கத்திக்கொண்டு கிடப்போம். அங்கே பேசாமல் இருந்தால் கஞ்சிகூடக் கிடைக்காது. என் மகள் பிறந்த வருஷம் அந்தக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். பிறகு தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி ஆனது. காலை ஏழரைக்கு நான் பாக்டரி பஸ்ஸிலிருந்து இறங்குவேன். அவர் கதவருகே சட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். "சோறு இருக்கு" என்பார். "ம்" என்பேன். அவர் போவார். நான் அவர் எழுந்த பாயிலேயே படுப்பேன். பாயில் இன்னும் சூடு இருக்கும். சாயங்காலம் அதே கதவருகே நான் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன். "சோறு இருக்கு" என்பேன். "ம்" என்பார். கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக்கூடக் காணாது. சண்டை போடக்கூட நேரம் இல்லை. நல்ல குடும்பம் என்று லயத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த வீட்டில்தான் என் மகள் வளர்ந்தாள். ஒரு வயது தாண்டி "அம்மா" என்றாள். "தண்ணி" என்றாள். பிறகு அதுவும் குறைந்துபோய், நாலு வயதில் வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கும் பிள்ளையாக நின்றுவிட்டாள். அடம் கிடையாது, அழுகை கிடையாது. நான் தூங்கும்போது சுவரோரமாக உட்கார்ந்து பலகை இடுக்கில் போகும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சத்தம் போடாத பிள்ளை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஆறு வயதில் தமிழ்ப்பள்ளியில் பெயர் பதியக் கூட்டிப் போனேன். அடுத்த ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் அவளிடம், "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அவள் அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று தரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. காது கேக்குதான்னு பாரு. ஜனவரி வரைக்கும் டைம் இருக்கு. அப்பவும் இப்படியே இருந்தா இங்க வச்சுக்க முடியாது. கோலாலம்பூர் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு. அங்கேயே தங்கிப் படிக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். அங்கேயே தங்கி என்ற இரண்டு வார்த்தை மட்டும் வீடு வரும்வரை கூடவே வந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத பிள்ளையை முன்பின் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வர வேண்டும்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மா பார்த்தார். பின்னால் நின்று மணி அடித்தார், கையைத் தட்டினார், காதுக்குள் விளக்கு அடித்தார். காது நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மலாயில் என்னிடம் கேட்டார்: "வீட்டில் இவளோடு பேசுவது யார்?"

எனக்குச் சுருக்கென்றது. "நான்தான்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

அவர் என் நீலக் கம்பெனிச் சட்டையைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். "நிறையப் பேசுங்கள், அவ்வளவுதான் மருந்து" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருந்துச் சீட்டுகூட எழுதவில்லை. பஸ் நிலையத்துக்கு நடந்து வரும்போது எனக்கு அப்படி ஒரு கோபம். பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்து பேச வேண்டுமாம். இந்தம்மா வந்து பேசட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, நகத்தை விடச் சின்னதாக இருக்கும் சிப்பில் தலைமயிரை விட மெல்லிசான கம்பியை ஒட்ட வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது, அதற்கு அடுத்தது. மூன்று மாதத்தில் கை தானாக ஓடப் பழகிவிடும். நீங்கள் பாதி தூங்கிக்கொண்டிருந்தாலும் கை தப்பு செய்யாது. தூசிதான் அங்கே பெரிய பகை. உள்ளே நுழையும் கதவில் லைன் லீடர் நிற்பாள். மலாய்க்காரி, எங்களுக்கு மூத்தவள், அக்கா என்கிற மாதிரி மலாயில் காக் என்று கூப்பிடுவோம். பவுடர் போட்டிருக்கக் கூடாது, விபூதி கூடாது, குங்குமம் கூடாது, சட்டையில் நூல் தொங்கக் கூடாது. ஈரக் காகிதத்தை அவள் நீட்ட, வரிசையில் நிற்கிற தமிழ்ப் பெண்கள் எல்லாரும் நெற்றியைத் துடைத்துக்கொள்வோம். முதல் நாள் அழுதேன், கட்டினவன் இருக்கும்போது பொட்டை அழிக்கச் சொல்கிறார்களே என்று. பிறகு பழகிவிட்டது. ஒரு துளி குங்குமம் விழுந்தால் நூறு சிப் போச்சு என்று காக் சொல்வாள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஜூன் மாதவாக்கில் என் அக்கா அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாள். அக்கா ஈப்போவில் ஒரு செட்டியார் வீட்டில் சமையல் செய்தாள். அந்த வீட்டம்மாவை எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆச்சியின் மகன் வளர்ந்துவிட்டான், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய விளையாட்டுச் சாமான் எதையும் இப்போது தொடுவதில்லையாம். தூக்கிப் போட இருந்ததை அக்கா கேட்டு வாங்கி வந்தாள்.

"பேசற பொட்டி லா இது. ஏ பி சி டி சொல்லிக் குடுக்கும். நீ தூங்கிட்டிருந்தாலும் அது பாட்டுக்குப் பேசும்."

சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி. மேலே பிடித்துத் தூக்கக் கைப்பிடி. கீழே ஆங்கில எழுத்துகள் வரிசையாக, ஒவ்வொன்றும் சின்னப் புளிப்பு மிட்டாய் அளவுக்கு மேடாக. எழுத்தை அழுத்தினால் மேலே இருக்கும் கண்ணாடியில் அது பச்சையாக எரியும். ஒரு வெள்ளைக்கார ஆணின் குரல் அதன் பெயரைச் சொல்லும். பிறகு ஓர் எழுத்தைக் கேட்கும். சரியாக அழுத்தினால் பாராட்டும். தப்பாக அழுத்தினால் "ட்ரை அகேன்" என்று சொல்லும். எத்தனை தரம் தப்பு செய்தாலும் குரல் ஏறாது. எங்கள் வீட்டில் அவ்வளவு பொறுமையான ஆம்பிளைக் குரலை அன்றுதான் கேட்டோம் என்று நான் சொல்ல, அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதற்குள் நாங்கள் ஒட்டுகிற மாதிரி ஒரு சிப்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன். அவை எங்கே போகின்றன, என்னவாகின்றன என்று பார்த்ததே இல்லை. ஏதோ ஒன்று சுற்றி வளைத்து என் வீட்டுக்கே வந்துவிட்டதுபோல ஒரு பெருமை.

இரண்டாவது வாரம், பாதித் தூக்கத்தில் நான் அதைக் கேட்டேன். பெட்டி "ஏ" என்றது. அதன் பின்னால் இன்னொரு குரல், மெல்லிசாக, "ஏ" என்றது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். பெட்டி "பி" என்றது. "பி" என்றது அந்தக் குரல். என் மகளின் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. எழுந்தால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். உடம்பு எழவில்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் நிம்மதியாக வந்தது. டாக்டரம்மா சொன்ன மருந்தைத்தான் பெட்டி கொடுக்கிறதே. அது பேசுகிறது, பிள்ளை கேட்கிறாள், திருப்பிச் சொல்கிறாள். நான் எதற்கு நடுவில்? நான்கு மாதத்தில் இருபத்தாறு எழுத்தும் வந்துவிட்டது. ஒரு நாள் அவள் அப்பா சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவரை நேராகப் பார்த்து "ட்ரை அகேன்" என்றாள். அவர் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. தமிழில் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்பதை நாங்கள் இரண்டு பேருமே கவனித்தோம். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. ஜனவரிக்குள் வந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. தோட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பூஜை மேல் தனிப் பற்று. அன்றைக்குப் பால் வெட்டும் கத்தி, வாளி, சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிச் சாமி முன்னால் வைப்போம். மறுநாள்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டால் படிப்பு வராது, தொழில் நிலைக்காது என்பார்கள். தோட்டம் போன பிறகும் பூஜையை யாரும் விடவில்லை. அந்த வருஷம் நான் கட்டாயம் செய்ய வேண்டியிருந்தது. என் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும். அவள் பேச வேண்டும். சரஸ்வதியைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

பூஜை அன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்தேன், படுக்கவில்லை. படுத்தால் எழ மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வீட்டைக் கழுவி, கடலை அவித்து, பரணிலிருந்த பழைய கத்தியை இறக்கித் துடைத்தேன். லாரிச் சாவியை அவர் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் வாழையிலையில் வரிசையாக வைத்தேன். பிள்ளைக்குப் புத்தகம் கிடையாது. அவள் படிப்பெல்லாம் அந்தச் சிவப்புப் பெட்டியில்தானே இருந்தது? அதைத்தான் நடுவில் வைத்தேன்.

கிண்ணத்தில் சந்தனப்பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. பரவாயில்லை என்று விரலை முக்கினேன். கத்திக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, மூலையில் இருந்த டேபிள் பேனுக்கு ஒன்று. பெட்டிக்கும் மேலே ஒன்று வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த எழுத்துகள் வரிசையாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் என் முன்னால் இருந்தன. கை தானாக ஓடிவிட்டது. முதல் எழுத்தில் சந்தனம், அடுத்ததில் சந்தனம், அதற்கு அடுத்ததில். முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து ஒவ்வொரு சந்தனத்தின் மேலும் குங்குமம். இருபத்தாறு பொட்டு. ஒன்றுகூடக் கோணவில்லை. பாக்டரியில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தால் காக் கைதட்டியிருப்பாள். மேலே பூ வைத்து, தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிள்ளை வந்து பெட்டியைத் தொடப் போனாள். கையைப் பிடித்து இழுத்தேன். "நாளைக்குத்தான் தொடணும். இன்னைக்குத் தொட்டா சாமி கோவிச்சுக்கும்." அன்று பகல் முழுக்க அவள் பூஜைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் பாயில் கிடந்தேன். அவள் அன்றைக்கே ஓர் எழுத்தை அழுத்தியிருந்தால் ஈரம் காய்வதற்கு முன்பே துடைத்திருக்கலாம். நான்தான் தொட விடவில்லை.

மறுநாள் விஜயதசமி. அவளை மடியில் உட்கார வைத்து, "மொத எழுத்தை அழுத்தும்மா, சாமிய நெனச்சுக்கிட்டு அழுத்து" என்றேன். அழுத்தினாள். காய்ந்த சந்தனத்தில் எழுத்து உள்ளே போய் மாட்டிக்கொண்டு மேலே வரவில்லை. குரல் "ஏ" என்று ஆரம்பித்து, இழுத்து, தடித்து, கீழே இறங்கிக்கொண்டே போய் நின்றது. கண்ணாடியில் பச்சைக் கோடு ஒன்று ஆடி அணைந்தது. அவள் அடுத்த எழுத்தை அழுத்தினாள். அடுத்ததை. எல்லாவற்றையும் அழுத்தினாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ரோசாக் ஆயிருச்சா?" என்றார், கெட்டுப்போய்விட்டதா என்று. பெட்டியை எடுத்துக் குலுக்கினார். எழுத்துகளுக்கு நடுவில் விரலை விட்டு எடுத்து, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தார்.

"ஏன்டி, பொட்டு வச்சுட்டுப் போனா சிப்பு கெட்டுப்போவும், உள்ள வுட மாட்டாங்கன்னு நீதானே சொல்லுவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாக அதுவரை உறைக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் அந்தக் கதவில் நின்று நெற்றியைத் துடைக்கிறவள் நான். மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அது பாக்டரி, இது வீடு. அது சிப், இது சாமி முன்னால் வைத்த படிப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று என் தலையில் ஏறவே இல்லை. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "ஆமா, நான்தான் சொன்னேன். என்ன இப்போ?" என்று கத்தினேன். எட்டு வருஷத்தில் முதல் சண்டை. அவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், குங்குமத்தைக்கூடத் துடைக்காமல்.

ஈப்போவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் சீனர் ஒருவரிடம் கொண்டு போனேன். பின்பக்கம் திருகாணிகளைக் கழற்றித் திறந்தார். உள்ளே பலகை முழுக்கச் சிவப்பு. அவர் கடைச் சுவரிலும் சிவப்பு மாடத்தில் சாமி, முன்னால் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழம். பெட்டியையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்காச்சி, செம்பாயாங் பண்ணியா?"

தலையாட்டினேன். கும்பிட்டேன்தான். அவர் சிரிக்கவில்லை. தூரிகையால் நெடுநேரம் துடைத்தார். ஏதோ வாசனைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கடைசியில் நடுவில் இருந்த கறுப்புச் சிப்பைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கால்கள். எனக்கு அதைக் காட்டவே வேண்டாம். "இது மாத்தி லா" என்றார், செத்துப்போயிற்று என்று. வேறு சிப் இங்கே கிடைக்காது என்றும் சொன்னார். கூலி எதுவும் வாங்கவில்லை. நானும் எவ்வளவு என்று கேட்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது, "ஆச்சிகிட்ட மட்டும் மூச்சு வுடாத" என்றாள். பிறகு, "போனாப் போவுது, பொட்டிதானே" என்றாள். எனக்குப் பெட்டியைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டி நின்ற அன்றே பிள்ளையும் நின்றுவிட்டாள். ஏ இல்லை, பி இல்லை, "ட்ரை அகேன்" இல்லை. செத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்துவாள். காத்திருப்பாள். அடுத்ததை அழுத்துவாள். நான் பாயில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னும் இரண்டு மாதம். பிறகு கோலாலம்பூர். அங்கேயே தங்கி. என் கையால் நானே பொட்டு வைத்து அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்படியும் தூக்கம் வந்துவிடும். இந்த உடம்பு மேல் எனக்கு அன்றைக்கு இருந்த வெறுப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போயிருக்கும். ஒரு நாள் காலை வந்ததும் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுந்துவிட்டேன். கண் செருகும் நேரத்தில் நெஞ்சில் ஏதோ அழுத்தியது. பார்த்தால், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் சட்டையின் மேல் பட்டனில் அவள் விரல். அழுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி என் வாயைப் பார்த்தாள்.

"ஏ" என்றேன்.

விரல் அடுத்த பட்டனுக்கு இறங்கியது. "பி" என்றேன். "சி." "டி." "ஈ." என் சட்டையில் ஐந்தே பட்டன். அவள் மறுபடி மேலே போனாள். நானும் மறுபடி ஏ என்றேன். எத்தனை தரம் என்று தெரியாது. என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அந்தப் பெட்டி கடைசியில் செய்தது மாதிரிதான் நானும் இழுத்து, தடித்து, இறங்கிக்கொண்டிருந்திருப்பேன். அப்போது பட்டனை அவள் இரண்டு விரலால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அம்மா, தூங்காத."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தமிழில்தான் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். ஆறு வயதுவரை என் பிள்ளை மனசுக்குள் வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியம். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் திமிறிக்கொண்டு விலகி மறுபடி பட்டனில் விரலை வைத்தாள். அழுகை அவளுக்கு வேண்டாம். பேச்சுதான் வேண்டும்.

என்ன பேசுவது? அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பேச எனக்கு ஒன்றுமே வரவில்லை. என்ன சாப்பிட்டாய், என்ன விளையாடினாய் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது பாக்டரி ஒன்றுதான். அதையே சொன்னேன். அம்மா பஸ்ஸில் போவேனா, பஸ்ஸில் பத்து அக்கா இருப்பாங்களா, எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாங்களா, உள்ளே போகிற இடத்தில் காக் நின்றுகொண்டு பொட்டை அழிக்கச் சொல்வாளா, அப்புறம் ஒரு கண்ணாடிக்குள்ளே பார்த்தால் தலைமயிரை விடச் சின்னக் கம்பி இருக்குமா. நான் நிறுத்தினால் அழுத்தினாள். நான் பேசினால் விட்டாள். நடுவில் ஒரு தரம், "காக் அடிப்பாளா?" என்று கேட்டாள். "அடிக்க மாட்டா. ஆனா சத்தம் போடுவா" என்றேன். சிரித்தாள். அவரை எதிர்பார்த்து நான் சோறு வைக்கப் போனபோதும் பின்னாலேயே வந்தாள். சாயங்காலம்வரை நான் படுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அசதியான நாள் இன்னொன்று இல்லை.

ஜனவரியில் தலைமையாசிரியர் பெயர் கேட்டார். சொன்னாள். அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா தூங்கும்போது குறட்டை விடுவது உட்படக் கேட்காததையெல்லாம் சொன்னாள். அவர் போதும் போதும் என்று கையைத் தூக்கினார். கோலாலம்பூர்ப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த ஜனவரி இல்லை. அவள் பட்டனை இழுத்த அன்று சாயங்காலம்தான். அவர் வந்து கதவருகே நின்றார். "சோறு இருக்கு" என்று நான் சொல்வதற்கு முன்பே உள்ளேயிருந்து அவள் "சோறு இருக்கு" என்றாள். அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பாக்டரிக் கதவில் காக் ஈரக் காகிதத்தை நீட்டிவிட்டு என் சட்டையைப் பார்த்தாள். மேல் பட்டன் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி உள்ளே போக முடியாது என்று கத்திரிக்கோலை எடுத்தாள். என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டாள்.

"என் பிள்ளை பேசினாள், காக்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூலை வெட்டி, பட்டனை என் உள்ளங்கையில் வைத்து, நாளைக்குத் தைத்துக்கொண்டு வா என்றாள். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். கண் எரிந்தது. கழுத்து வலித்தது. தூக்கம் எப்போதும்போலத் தலைக்குமேல் வந்து நின்றது. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்காக நான் காத்திருக்காத ஷிப்ட் இல்லை. அன்றைக்கும் காத்திருந்தேன். ஆனால் அன்று காத்திருந்தது தூங்குவதற்காக இல்லை.